பாலித் தீவின் மர முகமூடிகள்: வழிபாட்டுக்கும் வணிகத்துக்கும் இடையே

இந்தோனேசியாவின் பாலித் தீவில், கியான்யார் மாவட்டத்தைச் சேர்ந்த மாஸ் என்னும் ஊர் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. சாலையின் இருமருங்கிலும் சிற்பக் கூடங்கள் நிறைந்துள்ளன. அவற்றின் சுவர்களில் வரிசை வரிசையாக முகமூடிகள் தொங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் விலைபேசி வாங்கிச் செல்கின்றனர். அதே ஊரில், அதே கைவினைஞருள் சிலரின் உளியிலிருந்து பிறக்கும் வேறு வகை முகமூடிகளும் உண்டு. அவை எந்தக் கடைச் சுவரிலும் தொங்குவதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கூடையில் வைக்கப்பட்டு, உரிய நாளில் மட்டுமே வெளியே எடுக்கப்படுகின்றன. செதுக்கும் கை ஒன்றே. மரமும் வண்ணமும்கூட ஒன்றாக இருக்கலாம். ஆயினும் ஒன்று விற்பனைப் பொருள். மற்றொன்று விற்பனைக்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாவாகும்.

உருவ வழிபாட்டை ஏற்காத நமக்கு இவ்வினாவில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கக்கூடும். பேரறிஞர் அல்பிரூனி, கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலின் தொடக்கத்திலேயே, தமது நோக்கம் வாதாடி வெல்வதன்று. அம்மக்கள் கொண்டிருக்கும் கருத்துகளை உள்ளபடி எடுத்துரைப்பதே என்பதைத் தெளிவுபடுத்தினார். ஏற்பது வேறு, அறிவது வேறு என்னும் அந்த நேர்மையே இத்தகைய ஆய்வுகளில் நமக்கு வழிகாட்டி. மேலும், பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக உள்ள இந்தோனேசியாவில், பாலியின் இந்துக்களும் ஜாவாவின் முஸ்லிம்களும் ஒரே முகமூடி மரபின் இரு கிளைகளைக் காத்து வருகின்றனர். அவ்வகையிலும் இது நமக்கு அந்நியமான செய்தியன்று.

தொன்மை

முகமூடியைப் பாலி மக்கள் ‘தாப்பெல்’ என்பர். முகமூடி அணிந்து ஆடும் நாடகம் ‘தோப்பெங்’ எனப்படுகிறது. இக்கலையின் பழமைக்குக் கல்வெட்டு, செப்பேட்டுச் சான்றுகள் உள்ளன. பாலியின் வடபகுதியைச் சேர்ந்த, கி.பி. 896ஆம் ஆண்டுக்குரிய பெபெதின் சாசனம், பல்வேறு கலைஞர்களைக் குறிப்பிடுமிடத்தில் முகமூடிக் கூத்தினரையும் பாவைக்கூத்தினரையும் குறிப்பிடுகிறது. ஆக, பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இது தனியொரு தொழிலாக நிலைபெற்றிருந்தது எனலாம்.

இன்று பாலியில் போற்றப்படும் பழைய முகமூடிகளுட் சில, பிளாபாத்து என்னும் ஊரிலுள்ள பெனாத்தாரான் தோப்பெங் கோயிலில் பாதுகாக்கப்படுகின்றன. கெல்கெல் அரசின் படைத்தலைவர் ஒருவர் கிழக்கு ஜாவாவின் பிளம்பாங்கன் நாட்டின்மீது படையெடுத்துச் சென்று திரும்பியபோது கொண்டுவந்தவை இவை என்பது மரபுவழிச் செய்தி. ஜாவாவின் மஜாபாஹித் பேரரசு மறைந்து, கடற்கரையில் இஸ்லாமிய அரசுகள் எழுந்த காலம் அது. கெல்கெலிலேயே முஸ்லிம் குடியிருப்பொன்று அரசரின் ஆதரவுடன் உருவாயிற்று. கம்புங் கெல்கெல் என்னும் அவ்வூரும் அதன் பள்ளிவாசலும் இன்றும் உள்ளன. தோப்பெங் நாடகத்தின் கதைகள் பெரும்பாலும் அந்தக் கெல்கெல் காலத்து அரசர், அமைச்சர், படைத்தலைவர் ஆகியோரைப் பற்றியவை என்பது குறிப்பிடத்தக்கது.

மரமும் உளியும்

கோயிலுக்குரிய முகமூடிக்குப் பெரிதும் விரும்பப்படுவது ‘பூலே’ என்னும் மரம். இது தமிழகத்துக்கும் புதியதன்று. நம் நாட்டில் ஏழிலைப்பாலை என வழங்கும் மரமே இது. இதன் இலைகள் ஒரே கணுவில் வட்டமாக, பெரும்பாலும் ஏழேழாக அமைந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இதன் பலகைகள் ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவரின் எழுதுபலகைகளாகப் பயன்பட்டமையால், தாவரவியலாளர் இதற்கு ‘அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ்’ எனப் பெயரிட்டனர். வெண்மையும் மென்மையும் எடைக்குறைவும் கொண்ட மரமாதலால் செதுக்கவும் எளிது; முகத்தில் நெடுநேரம் தாங்கவும் எளிது. ஏழிலைப்பாலையில் பேய் குடியிருக்கும் என்னும் நம்பிக்கை நம் நாட்டிலும் உண்டு. பாலியிலோ இம்மரம் கோயில் வளாகங்களிலும் இடுகாட்டை ஒட்டிய இடங்களிலும் ஓங்கி வளர்ந்து, ஊராரின் அச்சத்துக்கும் மதிப்புக்கும் உரியதாக நிற்கிறது.

புனித முகமூடிக்காக முழு மரத்தையும் வீழ்த்துவது வழக்கமன்று. அடிமரத்தில் கணுப்போலப் புடைத்து வளரும் பகுதியைப் பாலி மக்கள் மரத்தின் சூல் என்கின்றனர். நல்ல நாள் பார்த்து, படையலிட்டு, மரத்திடம் அனுமதி வேண்டிய பின்னரே அப்பகுதி வெட்டப்படுகிறது. மரம் உயிரோடு நிற்க, அதன் ஒரு பகுதி மட்டும் கைவினைஞரிடம் வந்து சேர்கிறது. இந்நம்பிக்கையை நாம் ஏற்காவிடினும், தேவைக்கு மேல் எடுப்பதைத் தடுக்கும் கட்டுப்பாடு ஒன்று அதனுள் அடங்கியிருப்பதை மறுப்பதற்கில்லை.

மாஸ் ஊரைப் போலவே சிங்கபாடு என்னும் ஊரும் முகமூடிச் சிற்பிகளுக்குப் புகழ்பெற்றது. இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. சிற்பி தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மரக்கட்டையை இரு பாதங்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். தச்சு மேசையோ இடுக்கியோ இல்லை. முதலில் கோடரியால் உருவின் வரையறை வெட்டப்படுகிறது. பின்னர் உளிகளும், நுனி வளைந்த சிறு கத்திகளும் மூக்கு, இதழ், இமை எனப் படிப்படியாக வெளிக்கொணர்கின்றன. முகப்பைப் போலவே உட்புறமும் கவனத்துடன் குடையப்படுகிறது. அணிபவரின் நெற்றியும் கன்னமும் அதில் பொருந்தவேண்டும், மூச்சு தடைப்படக்கூடாது, சுவர் மெல்லியதாக இருக்கவேண்டும், உடையவும் கூடாது.

முகங்களின் இலக்கணம் நுட்பமானது. அரசரைக் குறிக்கும் ‘டாலெம்’ முகமூடி வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும். கண்கள் குறுகி நீண்டிருக்கும். இதழ்களில் மெல்லிய புன்னகை தங்கியிருக்கும். வலிமை மிக்க அமைச்சரின் முகமோ செந்நிறம் அல்லது பழுப்பு நிறம் கொண்டு, விழிகள் விரிந்து, மீசை அடர்ந்து காணப்படும். முதியவரின் முகமூடியில் நரைத்த மயிர் பொருத்தப்படுகிறது. இம்முகங்கள் வாய் மூடியவை. இவற்றை அணிந்தவர் பேசுவதில்லை. கதைசொல்லும் பணியாளர்களும் கோமாளிகளும் அணிபவை தாடை மறையாத அரை முகமூடிகள். அரசர் சைகையால் உணர்த்துவதைப் பழைய கவி மொழியிலும், பின்னர் பொதுமக்கள் பேசும் பாலி மொழியிலும் எடுத்துரைப்பது அப்பணியாளரின் கடமை. உயர்ந்தோர் மௌனம் காக்க, அவர்தம் சொல்லை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஏவலரிடம் இருப்பது இந்நாடகத்தின் தனிச்சிறப்பு.

வண்ணமும் விழிப்பும்

பழைய முறையில் வண்ணம் தீட்டுவது, செதுக்குவதைவிட நீண்ட வேலை. எலும்பையோ மான்கொம்பையோ சுட்டு அரைத்த வெண்பொடி, விளக்குக் கரி, அவுரி நீலம், சீனாவிலிருந்து வணிகர் கொண்டுவந்த சிவப்பும் மஞ்சளுமான கனிமப் பொடிகள் ஆகியவை, மீன் பசையில் குழைக்கப்பட்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசப்படுகின்றன. ஒரு பூச்சு உலர்ந்து தேய்க்கப்பட்ட பிறகே அடுத்தது. நாற்பது, ஐம்பது பூச்சுகள் சாதாரணம். நூற்றைத் தாண்டுவதும் உண்டு. இவ்வாறு தீட்டப்பட்ட முகத்தில் பளபளப்பு மேலோட்டமாக நிற்பதில்லை. தோலுக்கு அடியிலிருந்து ஒளி வருவதுபோல் தோன்றும். இறுதியாகப் பொன் தகடும், பற்களுக்குச் சிப்பி ஓடும், மீசைக்கு விலங்கின் மயிரும் சேர்க்கப்படுகின்றன.

எனினும் இவ்வளவும் முடிந்த பின்னரும், பாலி மக்களின் பார்வையில் அது வெறும் மரமே. கோயிலுக்குரியதாயின் அதைத் தூய்மைப்படுத்தும் சடங்குகள் நடைபெறும். அவற்றுள் இறுதியானது ‘பசுபதி’ எனப்படும். அச்சடங்கினால் முகமூடி ஆற்றல் பெறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் பிறகு அது பாதுகாக்கப்படவேண்டிய ஒன்றாகிறது. அதைத் தரையில் வைக்கலாகாது, விளையாட்டாக அணியலாகாது. பாலியின் நாள்காட்டியில் ஒரு சுற்று 210 நாள்கள். அச்சுற்றில் ஒரு முறை வரும் ‘தும்பெக் வாயாங்’ என்னும் நாளில், முகமூடிகளுக்கும் பாவைகளுக்கும் படையல் இடப்படுகிறது.

ஆடுபவருக்கும் கடமைகள் உண்டு. புதிய முகமூடியைப் பெற்ற ஆட்டக்காரர் அதை உடனே அணிந்து மேடையேறுவதில்லை. நாள்தோறும் எதிரில் வைத்து உற்றுநோக்குகிறார். சிலர் படுக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொள்கின்றனர். அந்த முகம் எவ்வாறு நடக்கும், எவ்வாறு திரும்பும் என்பதை அம்முகத்திடமே கற்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே மரமுகம் துயரம் கொள்கிறது, நிமிர்த்தினால் நகைக்கிறது. ஆடுபவரும் முகமூடியும் ஒன்றாகி, காண்போரை ஈர்க்கும் அந்த ஆற்றலைப் பாலி மக்கள் ‘தக்சு’ என்னும் சொல்லால் குறிக்கின்றனர். எத்துணைப் பயிற்சி பெற்றவராயினும் தக்சு வாய்க்காத ஆட்டம் உயிரற்றது என்பர்.

சிதகார்யா: சடங்கை நிறைவுசெய்யும் முகம்

தோப்பெங் வகைகளுள் தொன்மையும் புனிதமும் மிக்கது ‘தோப்பெங் பஜெகான்’. இதில் ஒரே ஆட்டக்காரர் அமைச்சராகவும், முதியவராகவும், அரசராகவும், கோமாளிகளாகவும் ஒருவர்பின் ஒருவராக மாறி முழுக் கதையையும் நிகழ்த்துகிறார். கோயிலில் பூசகர் மந்திரம் ஓதிக்கொண்டிருக்க, அதே வளாகத்தில் இதுவும் நடைபெறும். பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடந்தே தீரும். ஏனெனில் அது சடங்கின் ஓர் அங்கம்.

இறுதியில் வருவது ‘சிதகார்யா’ முகமூடி. வெண்ணிற முகம், துருத்திய பற்கள், குறுகிய கண்கள், கலைந்த தலைமயிர். ‘காரியம் நிறைவேறியது’ என்பது இப்பெயரின் பொருள். இதன் பின்னணியில் ஒரு கதை வழங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் கெல்கெலை ஆண்ட வாத்துரெங்கோங் அரசர், பெசாகிக் கோயிலில் பெரும் வேள்வி ஒன்றை நடத்த முனைந்தார். அப்போது கெலிங் என்னும் ஊரைச் சேர்ந்த அந்தணர் ஒருவர், நெடும்பயணத்தால் அழுக்கேறிய உடையுடன் வந்து, தாம் அரசரின் உறவினர் என்றார். காவலர் அவரை இழிவாகக் கருதி விரட்டினர். அவர் சபித்துச் சென்றார். பயிர்கள் வாடின, நோய் பரவியது, வேள்வி நடைபெறவில்லை. தவற்றை உணர்ந்த அரசர் அவரைத் தேடி அழைத்துவந்து வணங்கினார். அவர் வந்து சேர்ந்த பின்னரே வேள்வி நிறைவுற்றது. அன்று முதல் அவரது முகம் தோன்றாமல் எந்தப் பெருஞ்சடங்கும் முழுமை பெறாது என்பது மரபாயிற்று. கெலிங் என்னும் பெயர் மலாய் உலகில் தென்னிந்தியரைக் குறிக்க வழங்கியதுண்டு. எனினும் இக்கதையின் அந்தணர் கிழக்கு ஜாவாவிலிருந்து வந்தவர் என்றே பாலி மரபு கூறுகிறது.

சிதகார்யா வேடத்தில் ஆடுபவர் மஞ்சள் அரிசியையும் காசுகளையும் நாற்றிசையிலும் தூவுகிறார். பின்னர் கூட்டத்தில் நிற்கும் சிறுவர் ஒருவரைப் பிடித்துத் தூக்கி, காசு கொடுத்து அனுப்புகிறார். அஞ்சி ஓடிய குழந்தை பரிசுடன் திரும்புகிறது. அழகற்ற தோற்றத்தைக் கண்டு விரட்டப்பட்டவரே நிறைவைக் கொண்டுவருபவர் என்னும் கருத்து, இச்சிறு நிகழ்ச்சியில் மீண்டும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. ஒரு சமூகம் தன் அரசவை இழைத்த அவமதிப்பை மறைக்காமல், ஒவ்வொரு சடங்கின் முடிவிலும் அதை நினைவுகூர்ந்து ஈடுசெய்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

ஜாவாவின் கடற்கரையில்

இதே முகமூடி மரபு ஜாவாவின் வடகடற்கரையில் வேறொரு வாழ்வு பெற்றது. இஸ்லாமிய அரசு நிலவிய சிரெபோன் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த கலைஞர்கள், ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது ஞானியருள் சுனான் குனுங் ஜாத்தி, சுனான் காலிஜாகா ஆகியோரின் பெயர்களோடு தம் முகமூடி ஆட்டத்தை இணைத்துப் பேசுகின்றனர். இவை மரபுவழிச் செய்திகள்; ஆவணச் சான்றுகளாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆயினும் அங்கு முஸ்லிம் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் காத்துவந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை.

சிரெபோனில் ஐந்து முகங்கள் முதன்மையானவை: பஞ்சி, சம்பா, ரும்யாங், துமெங்குங், கெலானா. உட்புறத்தில் உள்ள தோல் துண்டைப் பற்களால் கடித்தே ஆட்டக்காரர் முகமூடியை நிறுத்துகிறார். வெண்முகப் பஞ்சி ஏறத்தாழ அசைவற்று ஆட, இசை மட்டும் இடியென முழங்குகிறது. செம்முகக் கெலானாவோ அடங்காத வேகத்தில் சுழல்கிறது. பஞ்சி, பிறந்த குழந்தையின் மாசற்ற நிலை என்றும், கெலானா, அடக்கப்படாத நஃப்ஸின் சீற்றம் என்றும் கலைஞர் பொருள் உரைப்பர். ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என்னும் ஸூஃபிப் படிநிலைகளோடு பொருத்திக் காட்டுவோரும் உளர். பாலியில் வழிபாட்டின் பகுதியாக நிற்கும் அதே கலை, இங்கே மனிதனின் அகநிலைகளைக் காட்டும் உவமையாக மாறியிருக்கிறது. பொருள் ஒன்றாக இருக்க, அதைச் சூழ்ந்த நோக்கம் அதன் தன்மையை மாற்றிவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

கிழிக்கப்பட்ட கோடு

1906, 1908 ஆகிய ஆண்டுகளில் பாலியின் தென்பகுதி அரசுகளை டச்சுப் படைகள் வீழ்த்தின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கப்பல் பயணிகள் வரத் தொடங்கினர். 1930களில் ஐரோப்பியக் கலைஞர்களின் நூல்களும் திரைப்படங்களும் இத்தீவைப் புகழ்பெறச் செய்தன. முகமூடி நினைவுப்பொருளாயிற்று. விரைவில் கிடைக்கும் மலிவு மரம், ஒரே நாளில் உலரும் செயற்கை வண்ணம், பழமைத் தோற்றம் தரும் பூச்சு ஆகியவை வந்தன. வாங்குவோர் விருப்பத்துக்கேற்ப ஆப்பிரிக்க முகமூடிகளின் சாயலிலும் பாலிச் சிற்பிகள் செதுக்கினர். கோயில் ஆட்டங்களையும் சுருக்கி, விடுதி முற்றத்தில் கட்டணத்துக்கு நடத்தும் நிலை தோன்றியது.

இந்நிலையில் 1971ஆம் ஆண்டு டென்பசார் நகரில் கூடிய கருத்தரங்கு ஒன்றில், பாலியின் அறிஞரும் கலைஞரும் சமயத் தலைவரும் தம் ஆட்டக்கலைகளை மூவகையாகப் பிரித்தனர். கோயிலின் உள்முற்றத்தில் மட்டும் நிகழ்பவை ‘வாலி’. சடங்கைச் சார்ந்து நடைபெறுபவை ‘பெபாலி’. பொழுதுபோக்குக்கு உரியவை ‘பாலி-பாலிஹான்’. இறுதி வகையே பயணிகளுக்குக் காட்டத்தக்கது எனக் கொள்ளப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் ஆட்டங்களை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் இம்மூவகைப் பிரிவையே ஏற்றது. அதில் தோப்பெங் சிதகார்யா இரண்டாம் வகையில் இடம்பெற்றது. 2019இல் பாலி மாகாண ஆளுநரும் சமய, பண்பாட்டு அமைப்புகளும் இணைந்து, புனித ஆட்டங்களைச் சடங்குக்குப் புறம்பாக நிகழ்த்துவதைத் தடுக்கும் கூட்டு முடிவொன்றை வெளியிட்டனர்.

நடைமுறையில் இக்கோடு எளிதாகக் கிழிக்கப்பட்டுவிடவில்லை. ஓர் ஆட்டம் இன்று எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. எனினும் ஊர்கள் கண்ட தீர்வு எளியது. பயணிகளுக்குக் காட்டும் ஆட்டத்துக்கெனச் சடங்கு செய்யப்படாத மாற்று முகமூடி ஒன்றைச் செய்துகொண்டனர். காண்பவருக்கு இரண்டும் ஒன்றே; ஊராருக்கு அவை வெவ்வேறு. விற்பதைத் தடைசெய்யாமலே, விற்கக்கூடாததைக் காத்துக்கொண்ட வழி இது.

2002ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புக்குப் பின்னரும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போதும் பயணிகள் வரவு பெரிதும் குறைந்து, நினைவுப்பொருள் சந்தை ஒடுங்கியது. ஆனால் 210 நாள் சுற்று நிற்கவில்லை. கூட்டம் சுருங்கினாலும் முகமூடிகளுக்குரிய நாள் வந்துகொண்டே இருந்தது. சந்தையை மட்டும் நம்பிய கலை சந்தையோடு தளர்கிறது. கடமையோடு பிணைந்த கலையைக் காக்க, அதைத் தேவையாகக் கருதும் மக்கள் என்றும் இருக்கின்றனர்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இரு முகமூடிகளையும் வேறுபடுத்துவது அழகோ வேலைப்பாடோ அன்று. எந்த மரத்தின் எப்பகுதி, எவருடைய வேண்டுகோள், எந்த நாள், யார் காவல், யார் அணியலாம் என்னும் கடமைகளின் தொடரே அவற்றை வேறுபடுத்துகிறது. அத்தொடரை அறுத்துவிட்டால் எஞ்சுவது சுவர் அலங்காரமே.

இவ்விடத்தில் நம்மையும் நாம் நோக்கவேண்டும். உருவத்தைத் தவிர்த்த நம் மரபு, எழுத்தணிக் கலையில் தன் உள்ளத்தைக் கொட்டியது. அந்தத் திருவசனங்கள் இன்று சாவிக்கொத்திலும், தேநீர்க் கோப்பையிலும், எவரும் படிக்காத வரவேற்பறைச் சட்டங்களிலும் அச்சாகி விலைபோகின்றன. தொழுகை விரிப்பு சுவரில் தொங்குகிறது. எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்று கூடிப் பேசி ஒரு கோடு கிழித்துக்கொண்ட பாலி மக்களின் நம்பிக்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் தமக்குப் புனிதமானதை அலங்காரப் பொருளாகச் சுருங்கவிடாமல் காத்த அவர்தம் விழிப்புணர்வு நாமும் எண்ணிப்பார்க்கத்தக்கது.